பழனிக்கு நடப்பதும் உள்ளே நடப்பதும்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியட்டும். திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை, சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். ஊர்க் காவடிக் குழு வழக்கம்போல இந்தப் பங்குனி உத்திரத்துக்கும் கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்கப் போகிறது, உங்களையும் வரச் சொல்கிறார்கள். கூட வேலை செய்யும் நண்பரோ "எல்லாம் உள்ளேதான் இருக்கு, வெளியே அலையறது வீண்" என்கிறார், திருமூலரின் 'உள்ளம் பெருங்கோயில்' வரியையும் எடுத்துக் காட்டுகிறார். அம்மாவுக்கு மூட்டுவலி, ஆனாலும் பழனியைப் பார்க்க ஆசை. இதற்கு நடுவில் உங்களுக்கு ஒரு பெரிய கேள்வி வந்துவிட்டது. வெளியே போகிற பயணத்துக்கு வாழ்க்கையில் என்ன அர்த்தம், உள்ளே போகிற பயணத்துக்கு என்ன அர்த்தம், இரண்டில் எது வேண்டும்?

நான் நினைப்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். வெளியே நடப்பது உள்ளே கிடப்பதைக் கிளறி மேலே கொண்டுவருகிறது. அப்படி மேலே வந்ததைக் கண்ணைத் திறந்து பார்த்து, அதற்கு ஏதாவது செய்வதுதான் உள்ளே போவது. நடக்காமலே மேலே வந்துவிடுகிற மனிதர்கள் உண்டு, ரொம்பக் குறைவு. நடந்தும் எதையும் பார்க்காமல் விபூதிப் பொட்டலத்தோடு திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். எது நடந்தது என்பது மலைமேல் நிற்கும்போது தெரியாது, ஊருக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பழனியிலிருந்தே ஆரம்பிக்கலாம். மாம்பழக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். முருகன் மயிலேறி உலகத்தைச் சுற்றப் போனான், பிள்ளையார் அம்மையப்பனை ஒரு சுற்றுச் சுற்றினார், பழம் பிள்ளையாருக்குப் போய்விட்டது. உங்கள் நண்பரின் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அந்தக் கதையை அங்கேயே நிறுத்திவிட்டால் பழனி என்று ஒரு ஊரே இருக்காது. ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் நம் சனம் வெயிலில் நடந்து போவது யாரைப் பார்க்க? பழம் வாங்கியவர் அரசமரத்தடியில், நம் தெருமுனையிலேயே இருக்கிறார், அவருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறோம். போவதெல்லாம் தோற்றவனைப் பார்க்கத்தான். உலகம் முழுக்கச் சுற்றி வந்து, வேர்த்து விறுவிறுத்து நின்று, "உனக்கு இல்லை" என்று கேட்டு, கோபித்துக்கொண்டு, இருந்த நகை நட்டெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு கோவணத்தோடும் தண்டத்தோடும் மலைமேல் போய் நின்ற பிள்ளையைப் பார்க்க. அம்மையப்பனே அங்கே வந்து, நீயே பழம் என்று சமாதானம் சொன்னதாகக் கதை முடிகிறது. பழத்துக்காகப் போனவனுக்குப் பழம் கிடைக்கவில்லை, பழம் வேண்டியதில்லை என்கிற நிலை கிடைத்தது, அதுவும் உலகம் சுற்றி ஏமாந்த பிறகுதான் கிடைத்தது. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அவன் ஆண்டியாகியிருக்க முடியாது. இத்தனை நூற்றாண்டாகக் கொங்கு நாடு தன் குலசாமிக்கு அடுத்தபடியாக இந்த ஆண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். நம்மில் பழம் கிடைத்தவர்கள் எத்தனை பேர், சுற்றிவிட்டு வந்து தாமதமாக நின்றவர்கள் எத்தனை பேர்?

அடுத்து அப்பர். நண்பர் திருமூலரைச் சொன்னால் நீங்கள் அப்பரைச் சொல்லுங்கள், இரண்டு பேரும் சண்டைக்கு நிற்கிறவர்கள் இல்லை, ஆனால் அப்பரிடம் இரண்டு பக்கமும் இருக்கிறது. 'கங்கை ஆடிலென் காவிரி ஆடிலென்' என்று பாடியவர் அவர். எங்கும் ஈசன் இருக்கிறான் என்று உணராதவனுக்கு எந்தத் துறையில் முங்கி எழுந்தும் ஒன்றுமில்லை என்பதுதான் அந்தப் பாட்டு. ஏழாம் நூற்றாண்டிலேயே உங்கள் நண்பர் சொல்வதை அவரைவிட அழுத்தமாகச் சொல்லிவிட்டார். சரி, அப்படிப் பாடியவர் திருவதிகையில் ஒரு திண்ணை பார்த்து உட்கார்ந்துவிட்டாரா? கையில் உழவாரத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார், கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கினார். நம் கொடுமுடிக்கும் அவருடைய பதிகம் இருக்கிறது. கடைசியில் வயதான காலத்தில் கயிலாயத்தைப் பார்த்தே தீருவது என்று வடக்கே கிளம்பினார்.

சேக்கிழார் இந்த இடத்தைச் சொல்வதைப் படித்தால் மனசு கலங்கிவிடும். நடந்து நடந்து கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். மார்பும் தேய்ந்தது, உருண்டார். அதுவும் முடியாமல் கிடந்தபோது ஒரு முனிவர் வந்து, மனித உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிப் போங்கள் என்றார். பார்க்காமல் இந்த உடம்போடு திரும்ப மாட்டேன் என்றார் அப்பர். அப்போதுதான் அங்கிருந்த குளத்தில் முழுகச் சொல்லி உத்தரவு வந்தது. முழுகியது அங்கே, எழுந்தது தஞ்சாவூருக்குப் பக்கத்தில் திருவையாற்றுக் குளத்தில். தான் கிளம்பி வந்த சோழநாட்டுக்கே திரும்ப வந்துவிட்டார். அங்கே என்ன பார்த்தார் என்பதுதான் முக்கியம். களிறும் பிடியும் சேர்ந்து வருவதைப் பார்த்தார். சேவலும் கோழியும், மயிலும் அதன் பேடையும், காளையும் கிடாரியும் சோடி சோடியாக வருவதைப் பார்த்தார். அத்தனையும் அம்மையப்பனாகத் தெரிந்தது. 'கண்டறியாதன கண்டேன்' என்று பாடினார்.

கோழியும் சேவலும் திருவையாற்றில் அன்றைக்குத்தான் புதிதாக வந்ததா தம்பி? அவர் வாழ்நாளெல்லாம் பார்த்த கோழிதான், நம் கட்டுத்தரையில் குப்பையைச் சீய்த்துக்கொண்டு திரிகிற அதே கோழிதான். அதைக் கயிலாயமாகப் பார்க்கிற கண் கால் தேய்ந்த பிறகு வந்தது. இந்தக் கதையில் நடந்த பகுதி வீண் என்று வெட்டிவிட்டால் முழுகின பகுதி நிற்காது. நடந்ததே போதும் என்றால் அவர் பாதி வழியில் கிடந்த முதியவர், அவ்வளவுதான். எனக்கு வெளிப்பயணம் உள்பயணம் என்று யார் பேசினாலும் முதலில் இந்தக் குளம்தான் ஞாபகத்துக்கு வரும்.

நடக்காமலே கிடைத்தவர்கள் என்றால் ரமணரைச் சொல்வார்கள். 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்தார், 1950இல் உடலை விடும்வரை அந்த மலையை விட்டுப் போகவே இல்லை. உண்மை. ஆனால் அவரும் மதுரையிலிருந்து ஒரு முறை கிளம்பத்தான் செய்தார். பதினாறு வயசுப் பையன், கையில் காசு பத்தாமல் வழியில் கொஞ்ச தூரம் நடந்து, காதுக் கடுக்கனை அடகு வைத்து ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்தார். வந்தவர்கள் கிரிவலம் போகிறேன் என்றால் போய் வா என்றுதான் சொன்னார், உனக்கு அது வேண்டாம் என்று தடுத்ததில்லை. மலையைச் சுற்றுவது அவருக்கு வீணாகத் தெரியவில்லை.

இப்போது நீங்கள் போகப் போகிற பாதைக்கு வருகிறேன், இதை நான் நன்றாக அறிவேன். கொடுமுடியில் காவிரியில் குளித்து, செம்பில் தீர்த்தம் எடுத்து, மகுடேசுவரர் கோயில் வன்னி இலையைத் தண்ணீரில் போடுவார்கள், போட்டால் தண்ணீர் கெடாது என்பது நம்பிக்கை. முதல் நாள் எல்லோரும் சந்தோஷமாகத்தான் நடப்பார்கள். மேளம், அரோகரா, வழியெல்லாம் நீர்மோர், பானகம், தர்ப்பூசணித் துண்டு. யாரைப் பார்த்தாலும் சாமி, "வாங்க சாமி, குடிங்க சாமி" என்று தோட்டத்துக்காரர்கள் ரோட்டோரம் நின்று கொடுப்பார்கள். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல்தான் விஷயமே ஆரம்பிக்கிறது. பங்குனி வெயிலில் தார் ரோடு கொதிக்கும். ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டின் மேல் மட்டும் சூடு கொஞ்சம் குறைவு, அதனால் ஆளாளுக்கு அந்தக் கோட்டின் மேலேயே ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நடப்பார்கள், பேச்சு தானாக நின்றுவிடும். தாராபுரம் தாண்டி அலங்கியம் பக்கம் போகும்போது பாதி பேருக்குப் பாதத்தில் கொப்புளம் வந்திருக்கும்.

ராத்திரி தங்குகிற இடத்தில் அனுபவப்பட்ட ஒருவர் டார்ச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்வார். ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் ஒரு ஓரத்தில் குத்தி மறு ஓரத்தில் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு இரண்டு முனையையும் வெட்டிவிடுவார். நீர் ராத்திரியெல்லாம் நூல் வழியாக வடிந்துவிடும், மேல்தோல் உரியாது, விடிகாலையில் நடக்கலாம். (சர்க்கரை இருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது, கூட வருகிற வேனில் ஏறிப் போய் டாக்டரிடம் காட்டுவதுதான் சரி.) அந்த மனிதர் யாருடைய கால் என்று பார்ப்பதில்லை, அடுத்த காலை நீட்டுங்கள் என்பார். ஒரு கால் மில் வைத்திருப்பவருடையதாக இருக்கும், குத்துகிற கை தறி ஓட்டுகிறவருடையதாக இருக்கும். ஊரில் இந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்களா என்பது சந்தேகம்தான். எந்தப் புத்தகத்தில் படித்தாலும் இது நமக்குள் இறங்காது, கால் அவர் மடியில் இருக்கும்போது இறங்கும்.

அந்த இரண்டாம் நாள் மதியத்தில் மனசுக்குள் என்னென்ன வருகிறது என்று கவனியுங்கள். மெதுவாக நடக்கிறவர் மேல் எரிச்சல் வரும். காலையில் தாமதமாக எழுந்து எல்லோரையும் வெயிலில் மாட்டிவிட்டவர் மேல் கோபம். காவடியை யார் எத்தனை தடவை தோள் மாற்றினார்கள், நான்தான் அதிகம் சுமந்தேனா என்று ஒரு கணக்கு. அப்புறம் பழைய சமாச்சாரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும், அண்ணன் தம்பிக்குள் நடந்த வரப்புத் தகராறு, மச்சான் கல்யாணத்தில் சொன்ன ஒரு சொல், அப்பாவிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு. வேலை, போன், டீ, தூக்கம் என்று ஊரில் மூடி மூடி வைத்திருந்தோமே, மூடுகிற சாமான்களை எல்லாம் ரோடு பிடுங்கிக்கொள்கிறது. அது வெளியே வருகிற நேரத்தில் நம் ஆட்கள் பாதிப் பேர் போனை எடுத்து வீடியோ பிடித்து ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். இவ்வளவு தூரம் வந்து, கதவு திறக்கிற நேரத்தில் நாமே போய்ச் சாத்துகிறோம்.

கோபம் வந்தால் ஐயோ பக்திக்குக் குறை என்று பயப்படவும் வேண்டாம். அவிநாசி ரோட்டில் திருமுருகன்பூண்டியை எத்தனையோ தடவை பஸ்ஸில் தாண்டியிருப்பீர்கள். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையும் பொருளையும் எடுத்துக்கொண்டு சுந்தரர் வரும்போது அந்த இடத்தில்தான் வேடர்கள் வழிமறித்துப் பிடுங்கிக்கொண்டார்கள், வேடர்களாக வந்தது சிவனின் பூதங்கள் என்பது புராணம். சுந்தரர் உடனே கோயிலுக்குள் போய், இப்படித் திருடர்கள் திரிகிற ஊரில் நீர் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறீர் என்று சாமியையே கேட்டார், அதுவே பதிகமானது. பொருள் திரும்பக் கிடைத்ததாகவும் சொல்வார்கள். கோபத்தை ஒளித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருப்பதுபோல நடிக்கவில்லை, கொண்டுபோய் நேரே வைத்தார். நம் பக்கத்துத் தலத்தில் நடந்ததாகச் சொல்லும் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது.

காவடிக்கே ஒரு கதை இருக்கிறது, மலையேறும் வழியில் இடும்பன் சன்னதியில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். அகத்தியர் சொன்னபடி சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலைகளைத் தண்டில் கட்டித் தோளில் தூக்கி வந்தவன் இடும்பன். இளைப்பாற இறக்கி வைத்தான், மறுபடி தூக்க வரவில்லை. மேலே பார்த்தால் ஒரு சிறுவன் நிற்கிறான். சண்டை போட்டு, விழுந்து, எழுப்பப்பட்டு, அங்கேயே காவலாக நின்றுவிட்டான். அவன் கொண்டுபோக நினைத்த இடம் வேறு, நின்ற இடம் வேறு. நாம் சுமந்து போவதும் அவன் ஞாபகமாகத்தான்.

இதெல்லாம் சாமிப் பயணம். வாழ்க்கை என்று பார்த்தால் நம் ஆட்கள் போகிற பெரிய வெளிப்பயணம் பிழைப்புக்காகப் போவதுதான். கொங்கு நாட்டில் இது புதுசும் இல்லை. நொய்யல் கரையில் கொடுமணலில் மணிக்கல் இழைத்தவர்கள் காலத்திலேயே பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சரக்கும் ஆளும் போய் வந்துகொண்டிருந்தது. இன்றைக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஆப்பிரிக்கா வரைக்கும் போர் போடப் போகின்றன, நாமக்கல் லாரிகள் இந்தியா முழுக்க ஓடுகின்றன, நீங்கள் திருப்பூரில் உட்கார்ந்து ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புகிறீர்கள். சங்கப் பாட்டில் இதற்குப் பொருள்வயின் பிரிவு என்று ஒரு துறையே உண்டு. பொருள் தேடிப் போகிற தலைவன் பாலை வழியில், நடுக்காட்டில் நின்று தன் நெஞ்சோடு பேசுவான். போகலாம் என்றாய், இப்போது திரும்பலாம் என்கிறாயே என்று நெஞ்சைக் கேட்பான். வெளியே பாலை வழியில் நிற்கிறான், உள்ளே பேச்சு நடக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நம் புலவர்கள் இந்த இரண்டையும் ஒரே பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ரிக் வண்டியில் நெடுநாள் வடக்கே இருந்தவர். எங்கெல்லாம் போனீர்கள் என்றால் மாநிலம் மாநிலமாகச் சொல்வார், என்ன பார்த்தீர்கள் என்றால் பாறை நிறத்தைச் சொல்வார். குழியிலிருந்து வருகிற புழுதி வறட்டுப் புழுதியாக இருக்கிறதா, கொஞ்சம் ஈரம் தட்டுகிறதா என்று விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டே ராத்திரி முழுக்க நிற்பது அவர் வேலை. ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "கம்ப்ரசர் சத்தத்துல ஒரு வார்த்தை பேச முடியாதுங், அப்ப நாமளும் நம்ம மனசும்தான்" என்றார். கோயிலுக்கு அடிக்கடி போகிறவர் இல்லை, தியான வகுப்புக்கும் போனதில்லை. அவருக்கு உள்பயணம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அதே வண்டியில் அதே ராத்திரியில் நின்றும் ஒன்றும் பேசிக்கொள்ளாமல், கிடைத்த காசுக்குக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட இளவட்டங்களும் உண்டு. போன தூரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

உள்ளே போவது என்றால் கண்ணை மூடி உட்கார்வது மட்டும்தான் என்று உங்கள் நண்பர் நினைத்தால் அது குறைபட்ட புரிதல். உட்கார்வது நல்லது, அதை நான் மறுக்கவில்லை. நம் பக்கத்தில் ஆழியாறு அறிவுத் திருக்கோயிலுக்கு எத்தனையோ பேர் போய்ப் பழகுகிறார்கள். அதைக் கட்டிய வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியில் உட்கார்ந்து வளர்ந்தவர். அவர் முறையில் தியானத்துக்குப் பக்கத்திலேயே அகத்தாய்வு என்று ஒன்றை வைத்தார். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், கடைசியாக நான் யார் என்கிற கேள்வி. நான் யார் என்பது கடைசியில்தான் வருகிறது, அதற்கு முன்னால் பேப்பர் பேனா எடுத்து யார் யார் மேல் எனக்குக் கோபம் என்று பட்டியல் போட வேண்டும். போட்டுப் பாருங்கள், பட்டியலில் முதலில் வருகிற பேர்கள் வேற்றாள் பேராக இருக்காது. மனைவி, அப்பா, கூடப்பிறந்தவர், மேலதிகாரி. நம்மோடு இருப்பவர்கள் மேல்தான் நமக்குக் கோபம் அதிகம், அவர்கள்தான் அதைத் தாங்கிக்கொண்டும் இருக்கிறார்கள். காவடி வழியில் எழுந்து வந்ததும் இந்தப் பட்டியலில் இருப்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், நான் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

பரீட்சை எங்கே நடக்கிறது என்பதற்குக் கொங்கணர் கதையைத்தான் சொல்ல வேண்டும், அவர் நம்மவர், காங்கேயம் பக்கத்தில் ஊதியூர் மலையில் தவம் செய்ததாகச் சொல்வார்கள். காட்டில் இருந்தபோது கொக்கு ஒன்று எச்சமிட்டது, கோபத்தோடு பார்த்தார், கொக்கு எரிந்து விழுந்தது. தவம் பலித்துவிட்டது என்ற நினைப்போடு ஒரு வீட்டில் பிச்சைக்கு நின்றார். அது வள்ளுவர் வீடு. வாசுகி அம்மையார் கணவருக்குச் சோறு போட்டு முடித்துவிட்டு வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, இவர் முறைத்தார். "கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?" என்று கேட்டார் அந்த அம்மா. காட்டில் யாருக்கும் தெரியாமல் நடந்தது அடுப்படியில் இருக்கிறவருக்குத் தெரிந்திருந்தது. தவம், மலை, காடு எல்லாம் ஆகியும் சோறு வரத் தாமதமானால் முறைக்கிற கண் அப்படியேதான் இருந்தது.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு பெண்களுக்கு வீடே கயிலாயம், அவர்கள் எங்கும் போக வேண்டாம் என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது கதையைத் தலைகீழாகப் பிடிப்பது. கேள்வி கேட்கப்பட்டது கொங்கணரிடம். முறைத்தவர் திருந்த வேண்டும் என்பதற்காகச் சொன்ன கதையை, சோறு போட்டவரைக் கட்டிப்போடுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. நம் அப்பத்தாக்களும் அமுச்சிகளும் விடிவதற்கு முன்னால் சாணி அள்ளி, பால் பீய்ச்சி, சோறாக்கி, காட்டுக்குப் போய்வந்து, பழனியை வருஷா வருஷம் யார் வாயிலிருந்தோ கேட்டே காலத்தைக் கழித்தார்கள். அவர்களில் பலருக்கு உள்ளே இருந்த தெளிவு நமக்கு வராது என்பது உண்மை. அவர்களுக்கும் ஒரு தடவை சண்முகநதியில் கால் நனைக்க ஆசை இருந்தது என்பதும் உண்மை. இப்போது பெண்கள் குழுக் குழுவாக நடந்து வருவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, போங்கள். கிளம்புவதற்கு முன்னால் யாருக்காவது பணம் தரவேண்டியிருந்தால் கொடுத்துவிட்டோ தேதி சொல்லிவிட்டோ போங்கள், கடன்காரனுக்குப் பயந்து நடப்பது யாத்திரையில் சேராது. பேசாமல் இருக்கும் ஒருவரிடமாவது பேசிவிட்டுப் போங்கள். ஒரு மாதம் முன்பிருந்தே விடிகாலையில் வெறுங்காலில் நடந்து பழகுங்கள், கம்பெனி நாற்காலியில் பழகிய காலுக்கு முதல் நாளே தார் ரோடு தாங்காது. போனை வேனில் போட்டுவிட்டு, வீட்டுக்கு ராத்திரி ஒரு தடவை பேசினால் போதும். குழுவில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவரோடு ஒரு நாளாவது நடங்கள், உங்கள் எரிச்சல் எவ்வளவு நீளம் என்று அவர் பக்கத்தில்தான் தெரியும். வந்தபிறகு ஒரு வாரத்துக்குள் அந்தக் கோபப் பட்டியலை எழுதுங்கள், சூடு ஆறினால் எழுத வராது. மனசு ரொம்ப உடைந்திருந்தால், தூக்கமே இல்லாமல் பல நாள் ஆகியிருந்தால் மட்டும் நடையை நம்பிக் கிளம்ப வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள், முருகன் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருப்பான்.

நண்பரோடு வாதம் செய்ய வேண்டாம். முடிந்தால் ஒரு நாள் நடைக்கு மட்டும், தாராபுரத்திலிருந்து பழனி வரைக்கும், கூப்பிட்டுப் பாருங்கள். 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான்.

அம்மாவை உத்திரத்துக் கூட்டத்தில் கூட்டிப் போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது, உட்கார நிழல் இருக்காது. திருவிழா முடிந்து கூட்டம் வடிந்த பிறகு, ஒரு சாதாரண வாரநாளில் காலையில் நேரத்தில் காரில் போய்விடுங்கள். முதலில் அடிவாரத்தில் திருவாவினன்குடியைக் கும்பிட்டுவிட்டு, மலைக்கு விஞ்சில், அதாவது கம்பியால் இழுக்கிற ரயில் பெட்டியில் ஏறலாம், 1966இலிருந்து ஓடுகிறது. ரோப் காரும் இருக்கிறது, ஆனால் காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள், வருஷத்தில் சில வாரம் பராமரிப்புக்காகவும் ஓடாது, அதனால் முன்னாடியே விசாரித்துவிடுங்கள். மேலே போய் இறங்கினதும் அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள், அவர் எவ்வளவு நேரம் நிற்கிறாரோ நிற்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். ராத்திரிக்குள் வெள்ளகோவில் திரும்பிவிடலாம்.